கௌசிக் சரிசெய்த கை

பாட்டுப் பதிவெல்லாம் முடிந்து பதினேழாம் நாள் மத்தியானம் ஸ்டூடியோக் கௌசிக் போனில் கூப்பிட்டான். கோகிலவாணி அப்போதுதான் டிபன் டப்பாவைத் திறந்திருந்தாள். திருச்செங்கோட்டுக்கு வெளியே ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில், இயற்பியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை அவளுக்கு. காலையிலிருந்து மூன்று வகுப்புப் பிள்ளைகள் வந்து ஊசலை ஆட்டிவிட்டு, மூன்று வகுப்பும் ஒரே தப்பான விடையை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கால் வலி, கண் எரிச்சல். தக்காளிச் சோறு ஆறிக் கட்டியாகக் கிடந்தது.

“அக்கா, முடிஞ்சுதுங்க! ஏழு பாட்டும் முடிச்சுப்போட்டேன். வந்து கேளுங்க. கேட்டா அழுதுருவீங்க.”

“சனிக்கெழம வரட்டுமா சாமி? இன்னைக்கு முடியல.”

“இல்லீங்கக்கா, இன்னைக்கே வாங்க. ஒரு சமாச்சாரம் பண்ணியிருக்கறேன். போன்ல சொல்ல மாட்டேன்.”

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்துக்கு மறுப்புச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நாமக்கல் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தெம்பில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜாஸ் என்று ஒரு சங்கீதம் இருக்கிறது. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எழுதி வைத்ததை அப்படியே வாசிக்கிற சங்கீதம் அல்ல அது. ஒருவர் ஒன்றை எடுத்து வைப்பார். மற்றவர் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேறு பக்கம் ஓடுவார். மூன்றாமவர் குறுக்கே வந்து விழுவார். கடைசியில் எல்லோரும் எப்படியோ ஓரிடத்தில் வந்து நிற்பார்கள். கோகிலவாணியின் குழு அதிலும் ஒரு படி தள்ளி. ஓரிடத்தில் வந்து நிற்பதுகூட அவர்களுக்குக் கட்டாயமில்லை.

குழுவில் மூன்றே பேர். மோகனூர் தங்கசாமி கீபோர்டு. சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்திரண்டு. இந்தப் பித்தை முதலில் தலையில் ஏற்றிக்கொண்டவர் அவர்தான். திருச்செங்கோட்டுச் சின்னராஜ் ட்ரம்ஸ். போர்வெல் லாரி வைத்திருக்கிறவர். வருஷத்தில் எட்டு மாதம் வடக்கே எங்காவது பாறையைக் குடைந்துகொண்டிருப்பார். கோகிலவாணி சாக்ஸபோன். அயோத்தியாப்பட்டணத்தில் அவள் அப்பா கல்யாண பேண்டு செட்டில் ஊதியவர், அவரிடமிருந்து வந்த குழல். ஒரு விசைத்தறிக் கொட்டகையில் தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரம்பித்தார்கள். கொட்டகைக்காரர் ஒருநாள் கேட்டுவிட்டு, “ஏனப்பா இப்படித் தறிகெட்டு வாசிக்கறீங்க” என்றார். அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள்: தறிகெட்டவர்கள். இருபத்திரண்டு வருஷம், மூன்று ஆல்பம். அவற்றை முழுதாகக் கேட்டவர்கள் ஒரு டவுன் பஸ்ஸில் அடங்குவார்கள். இது நான்காவது. இதோடு முடிந்தது என்று மூவரும் பேசி வைத்ததுதான்.

ஏன் முடிந்தது என்றால், தங்கசாமியின் வலது கை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடுக்கம் வந்தது. முதலில் துண்டுக்கடியில் வைத்து மறைத்தார். பிறகு மாத்திரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாத்திரையின் வேகம் அடங்கிப்போன நேரத்தில், அலுப்போடு கையைக் கீபோர்டின் மேல் சும்மா போட்டார். கை தானாகத் தட்டத் தொடங்கியது. ஒரே கட்டையை விநாடிக்கு ஐந்து தடவை. நடுவில் இரண்டு விழாமல் போகும், பக்கத்துக் கட்டையில் ஒன்று தவறி விழும். தங்கசாமி கையை எடுக்கவில்லை.

“அம்முணி, இதக் கேளு. நான் ஒண்ணும் பண்ணல. அதுவா வாசிக்குது,” என்றார். “முப்பது வருசமா புதுசா ஒண்ணு வேணும் வேணும்னு கெடந்தேன். கடைசில என்ற சோத்துக்கையிலயே வந்து ஒக்காந்திருக்குது பாரு.”

அந்த நடுக்கத்தின் மேல்தான் ஏழு பாட்டையும் கட்டினார்கள். சின்னராஜ் அந்த ஐந்தைப் பிடித்துக்கொண்டு போவார். கோகிலவாணி அது தவறி விழுகிற இடத்தில் ஊதுவாள். பதிவு நடந்த நான்கு நாளும் தங்கசாமி மாத்திரையை அரைமணி, முக்கால்மணி தள்ளிப்போட்டார். அவர் மனைவி சென்னியம்மாள் தண்ணீர் பாட்டிலும் மாத்திரையுமாக வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. முகம் மட்டும் சொல்லும்.

அந்தக் கை ஆல்பத்தில் கேட்க வேண்டும். கோகிலவாணிக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். தான் ஊதியது நன்றாக வந்திருக்கிறதா என்றுகூட அவள் யோசிக்கவில்லை.

கௌசிக்கின் ஸ்டூடியோ, பரமத்தி ரோட்டில் ஒரு கோழித்தீவனக் கடைக்கு மாடியில். படியேறும்போதே மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும் கலந்த வாடை கூட வரும். உள்ளே நான்கு சுவரிலும் முட்டை அட்டை ஒட்டியிருந்தான். நாமக்கல்லில் அதற்கென்ன பஞ்சம். அவன் அங்கே எடுப்பது கோயில் பண்டிகைப் பாட்டு, சீர் நிகழ்ச்சிப் பாட்டு, எலக்சன் சமயத்தில் ஆட்டோவில் கட்டுகிற பேச்சு. இருபத்தெட்டு வயது. பெரியவர்கள் வந்தால் செருப்பைக்கூட ஒழுங்காகத் திருப்பி வைத்துக் கொடுக்கிற பையன்.

“ஒக்காருங்கக்கா. டீ சொல்லட்டுங்களா? வேண்டாம், மொதல்ல கேளுங்க.” ஹெட்போனை அவனே அவள் காதில் மாட்டிவிட்டான்.

முதல் பாட்டு. தங்கசாமியின் இடது கை மூன்று கட்டைகளை அழுத்திப் பிடிக்கும். அதன் மேல் வலது கை ஆலங்கட்டி மாதிரி உதிர வேண்டும். கோகிலவாணி காத்திருந்தாள்.

ஒரு சுரம் வந்தது. ஒன்றே ஒன்று. நீளமாக, எண்ணெய் தேய்த்துவிட்ட மாதிரி வழவழவென்று. அதற்கப்புறம் இன்னொன்று, அதுவும் அப்படியே. சின்னராஜின் ட்ரம்ஸ் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அணிவகுத்த மாதிரி வரிசை தப்பாமல் நடந்தது. நடுவே அவளுடைய சாக்ஸபோன் மட்டும் யாரோ பைத்தியக்காரி கல்யாண வீட்டுக்குள் புகுந்துவிட்ட மாதிரி கத்திக்கொண்டிருந்தது.

ஹெட்போனைக் கழற்றினாள்.

“எப்படிங்கக்கா?” கௌசிக்கின் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. “அய்யாவுக்குக் கை நடுங்குனது ஒரு எடத்துலயும் தெரியாதுங்க. ஒரே கட்டைய அஞ்சு தடவ, ஆறு தடவ தட்டியிருந்தாருங்க, பாவம். எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து நீட்டிப்போட்டேன். மிசின்ல ஒரே அமுக்கா அமுக்குனா கண்டபடி வந்துரும்ங்க. அதனால ஒவ்வொண்ணாக் கையிலயே பண்ணுனேன். பதினோரு நாளாச்சுங்க.”

“பழசு?”

“எதுங்கக்கா?”

“அண்ணன் வாசிச்சது. வாசிச்ச மாதிரியே.”

“அது எதுக்குங்க இனி? மாரியம்மன் நோம்பிப் பாட்டு வந்துருச்சு, டிஸ்க்குல எடமில்ல. கீபோர்டு பழச மட்டும் அழிச்சுட்டேனுங்க.” சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். “அக்கா? நா ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனுங்களா?”

அவளால் அந்தப் பையனைப் பார்த்துக் கோபப்படக்கூட முடியவில்லை. கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமல்லவா.

“சித்த இரு சாமி, வாரேன்,” என்று எழுந்து வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். கீழே ஒரு டெம்போவில் தீவன மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சின்னராஜுக்கு போன் போட்டாள்.

“சொல்லு கோகிலா, வெசயாச் சொல்லு. வண்டிக்கு கிரீஸ் அடிச்சுட்டு இருக்கறாங்க. நாளைக்கு சத்தீஸ்கர் கெளம்பறேன்.”

சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு கம்ப்ரஸர் உறுமிவிட்டு நின்றது.

“அவன் சட்டையப் புடிக்கட்டுமா?”

“புடிச்சு?”

“ஒண்ணுமில்ல. ஒரு ஆறுதலுக்கு.”

கோகிலவாணி கீழே தீவன மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சின்னராஜ், “நாம ஆராச்சும் அவனுக்குச் சொன்னமா?” என்றார்.

“என்னத்த?”

“அந்த நடுக்கந்தான் பாட்டுன்னு.”

கோகிலவாணி யோசித்துப் பார்த்தாள். நான்கு நாள். ‘மாத்திரை நேரம்’ என்று சொன்னார்கள். ‘அண்ணனுக்கு வசதிப்பட்டப்ப’ என்று சொன்னார்கள். ‘கொஞ்சம் பொறுத்து எடுத்துக்கலாம்’ என்றார்கள். நடுக்கம் என்ற வார்த்தையை ஒருவரும் வாயால் சொல்லவில்லை. பெரிய மனுஷரை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? கௌசிக்கும் அப்படித்தான் இருந்தான். தங்கசாமியின் கை ஆடத் தொடங்கினால் மானிட்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். படியேறும்போது தோளைப் பிடித்துக்கொள்வான், ஆனால் எதற்குப் பிடிக்கிறான் என்று காட்டிக்கொள்ள மாட்டான். நான்கு நாளும் நான்கு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். அதில்தான் எல்லாம் போய்விட்டது.

“அண்ணன் முன்னால எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன் ராஜு.”

“அதத்தான் அவனும் நெனச்சிருக்கறான். அவன என்னத்தச் சொல்றது.” சின்னராஜ் பெருமூச்சு விட்டார். “மறுக்கா வாசிக்கலாமுன்னா நா ஒரு நா தங்கிக்கறேன். லாரிய மட்டும் தாட்டி வுட்டுட்டு ரயில்ல போயிக்கறேன். ஆனா…”

ஆனால் என்னவென்று அவளுக்கும் தெரியும். பதிவு முடிந்த வாரமே டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டார். இப்போது நடுக்கம் குறைந்துவிட்டது, ஆனால் நோய் முற்றிக் கை மரம் மாதிரி விறைக்கிறது. போன ஞாயிறு போய்ப் பார்த்தபோது அவரால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை.

“அந்தக் கை இப்ப இல்ல கோகிலா.”

“தெரியும்.”

“விட்டுத் தள்ளிப்போடலாமா? நெம்ப அலுத்துப்போச்சு எனக்கு.”

“எனக்கும்தான்.”

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கௌசிக் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தான். ஒருவரும் சொல்லாமலே பாதி அவனுக்குப் புரிந்திருந்தது. மீதியை அவள் சொன்னாள். அந்தக் கை தட்டியதுதான் பாட்டு, மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்தது என்று. கேட்கக் கேட்க அவன் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா அக்கா…”

“சொல்லல சாமி. எங்க தப்புத்தான்.”

“ட்ரம்மு பழசு இருக்குதுங்க. அடிய வரிசைக்கு நகத்தித்தான் வெச்சேன், திரும்பப் போட்டுக்கலாம். நீங்க ஊதுனத நா தொடவே இல்லீங்க.”

“அத மட்டும் ஏன் வுட்ட?”

“அத எங்க புடிச்சுச் சரி பண்றதுன்னே தெரியலீங்க.”

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து முதல் சிரிப்பு. அவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான்.

“அதுல இன்னும் ஒரு வேல பாக்கி வேறங்க. உங்க மைக்குல டிக்கு டிக்குனு ஒரு சத்தம் உளுந்திருக்குது. ஃபேனோ என்னமோ. அத எடுக்கோணும்.”

“ஃபேன நிறுத்திப்போட்டுத்தான வாசிச்சோம்.”

“ஆமாங்க…”

“போடு. என்ற மைக்கு மட்டும்.”

இந்த இடத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்தைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டூடியோவில் இருப்பது ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை. ட்ரம்ஸ் சத்தம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும் என்று சின்னராஜைச் சின்ன அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். பெரிய அறையில் கோகிலவாணியும் தங்கசாமியும் முழங்கை இடிக்கிற நெருக்கத்தில். கீபோர்டின் சத்தம் அறைக்குள் வராது. ஒயர் வழியாக நேரே கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து ஹெட்போனுக்கு வரும். ஆக அறைக்குள் இருந்தது அவளுடைய சாக்ஸபோனும், கட்டைகளின் மேல் தங்கசாமியின் விரல்களும்தான்.

கௌசிக் ஓட்டினான். அவள் ஊதி நிறுத்திய இடங்களில் அது கேட்டது. டிக் டிக் டிக் டிக் டிக். சற்று நின்று, டிக் டிக். பிளாஸ்டிக் கட்டையில் நகமும் விரலும் படுகிற சத்தம். சில தட்டல்கள் சுரமே எழுப்பாமல் மேலோடு பட்டுப் போனவை. அவையும் இருந்தன. இடது கை அழுத்துகிற இடத்தில் ‘தப்’ என்று ஒன்று. நடுவே ஒரு மூச்சு, அது அவருடையதா தன்னுடையதா என்று அவளுக்கே தெரியவில்லை.

“இத எடுத்துராத,” என்றாள்.

கௌசிக் மெதுவாகத் திரும்பினான். “அய்யா கையுங்களா இது?”

“அண்ணந்தான்.”

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் வேலை நடந்தது. சின்னராஜின் ட்ரம்ஸைப் பழையபடி நகர்த்தினான். கீபோர்டை முழுதாக நிறுத்தினான். அவள் மைக்கில் விழுந்த அந்தத் தட்டலைச் சத்தம் கூட்டித் தூக்கிக் கொடுத்தான். ஓட்டிப் பார்த்தார்கள். வினோதமாகத்தான் இருந்தது. ஒருவர் போனில் பேசுகிறார், எதிராளி பேசுவது நமக்குக் கேட்பதில்லை அல்லவா, அப்படி. சாக்ஸபோன் எதற்கோ பதில் சொல்கிறது, ட்ரம்ஸ் எதையோ துரத்துகிறது. அந்த எதுவோ டிக் டிக் என்று மட்டும் கேட்கிறது. நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் அதில் இருந்தார், அவ்வளவுதான் தெரிந்தது.

“இத அய்யா ஒத்துக்குவாருங்களா?”

“ரெண்டையும் போன்ல ஏத்திக் குடு. போய்க் கேட்டுட்டு வாரேன்.”

மோகனூரில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. தங்கசாமி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடந்தது. சென்னியம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“வா அம்முணி. வந்ததும் வராததுமா மொகத்துல ஏன் இத்தன பாரம்? காலேசுல பசங்க படுத்தறானுங்களா?”

“படுத்தாத நாளு ஏதுங்ணா.”

“காப்பி குடிச்சுட்டுப் பேசு கண்ணு,” என்று சென்னியம்மாள் எழுந்தார். காப்பி வந்தது. குடித்த பிறகு கோகிலவாணி வீட்டிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் போனை இணைத்தாள். முதலில் கௌசிக் சரிசெய்ததைப் போட்டாள். எதையும் சொல்லிப் பீடிகை போடவில்லை.

இரண்டு நிமிஷம் போனதும் சென்னியம்மாளின் கையில் இருந்த கீரைக் காம்பு அப்படியே நின்றது. முகம் மலர்ந்துவிட்டது அந்த அம்மாளுக்கு.

“ஏனுங்க, கேக்கறீங்களா! கை நல்லாயிருந்தப்ப வாசிச்ச மாதிரியே இருக்குதுங்க!”

தங்கசாமி தலையைச் சாய்த்துக் கேட்டார். பாட்டு முடிந்தது.

“நல்லா வாசிக்கறான். கை சுத்தம்,” என்றார். “ஆரு அம்முணி இவன்?”

“நீங்கதானுங்க!” என்றார் சென்னியம்மாள்.

“நானா?”

கோகிலவாணி நடந்ததைச் சொன்னாள். தங்கசாமி கோபப்படவில்லை. பதினோரு நாளா என்று கேட்டார். ஒவ்வொண்ணாக் கையிலயா என்று கேட்டார். “நல்ல பையன். எனக்கு அசிங்கம் வந்துரக் கூடாதுன்னு பாத்திருக்கறான்,” என்று சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கம் பார்த்தார். “பழசு போயிருச்சாக்கும்.”

“போயிருச்சுங்ணா. ஆனா இது ஒண்ணு இருக்குது. கேட்டுப்போட்டுச் சொல்லுங்க. வேண்டாமுன்னா வேண்டாம்.”

இரண்டாவதைப் போட்டாள். டிக் டிக் டிக். தங்கசாமியின் நெற்றி சுருங்கியது. முதலில் புரியவில்லை. பிறகு இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அது ஒன்றும் ஆடவில்லை, இருந்தும் பிடித்துக்கொண்டார். ஏழு பாட்டையும் கேட்டார். இடையில் ஒரு லாரி போனபோது நிறுத்தச் சொல்லி, அது போன பிறகு மறுபடி ஓட்டச் சொன்னார். மூன்றாவது பாட்டில் ஓர் இடத்தில் சிரித்துவிட்டார்.

“இங்க தப்பாத் தட்டிப்போட்டேன். நீ என்னத் திரும்பி மொறச்ச. நெனப்பிருக்குதா?”

“மொறைக்கல. பாத்தேன்.”

“மொறச்ச அம்முணி.”

முடிந்ததும் மணிக்கட்டை விட்டார். “கேக்கறவனுக்கு இது என்ன புரியும்?” என்றார் பிறகு.

“முன்னால போட்ட மூணு ஆல்பத்துல மட்டும் என்னங்ணா புரிஞ்சுது?”

தங்கசாமி வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகிப் போனது. சென்னியம்மாள் சிரிக்கவில்லை. கீரைத் தட்டைக் கீழே வைத்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது, நா சொல்றதுக்கும் இல்ல. ஆனா இத்தன வருசம் பாடுபட்டு வாசிச்சுட்டு, கடைசில கையி ஆடறதத்தான் ஊரு ஒலகத்துக்குக் காட்டோணுமா? அந்தப் பையன் எத்தன அழகாப் பண்ணியிருக்கறான்.”

“அழகுதான் சென்னி. அது நானில்லயே.”

“நீங்கதானுங்க. அம்பது வயசுல நீங்க அப்படித்தான் வாசிச்சீங்க.”

“எனக்கு இப்ப அறுவத்திரெண்டு.”

அந்த அம்மாள் கீரைத் தட்டை மறுபடி எடுத்துக்கொண்டார். தங்கசாமி கோகிலவாணியிடம் திரும்பினார். களைத்துப்போயிருந்தார், பேச்சு குழறத் தொடங்கியிருந்தது.

“ரெண்டாவதப் போடச் சொல்லு. என்ற பேர எடுத்துர வேண்டாம். கீபோர்டு தங்கசாமின்னே இருக்கட்டும். அப்புறம் அந்தப் பையன ஒருநா சோத்துக்குக் கூட்டிட்டு வா. மனசு ஒடஞ்சிருப்பான்.”

மாத்திரை நேரம். சென்னியம்மாள் அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார். கோகிலவாணி ஸ்பீக்கர் ஒயரைச் சுற்றி வைத்துவிட்டுக் கிளம்பினாள். நினைத்தது கிடைத்துவிட்டது. ஆனால் சந்தோஷப்படுகிற அளவுக்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு குளியல், கொஞ்சம் தூக்கம், அது போதும் என்றிருந்தது.

தெருமுனை வரும்முன் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சென்னியம்மாள், மூச்சு வாங்க.

“அம்முணி, இரு. அந்த மொதல்ல போட்டியே, அது எங்கிட்ட இருக்கட்டுமா? ஒலகத்துக்கு எதையோ குடுங்க, நா தடுக்கல. எனக்கு அது வேணும்.”

கோகிலவாணி திரும்பி அவர் பக்கம் வந்தாள்.

“நீங்க டிக்கு டிக்குன்னு பெரிசாக் கேக்கறீங்க. நா தெனமும் அதத்தான கண்ணு கேட்டுட்டு இருக்கறேன். தட்டத்துல கரண்டி அப்படித்தான் தட்டுது. கட்டில் சட்டத்துல அப்படித்தான் தட்டுது. மூணு வருசம். இப்ப அதுவும் நின்னு கை கட்டையாட்டப் போயிட்டு இருக்குது. ஒரு நேரம் ஒக்காந்து அவரு கை நல்லாயிருக்கறதக் கேட்டா என்ன தப்பு? அவருக்குத் தெரிய வேண்டாம். காதுல வெச்சுக் கேக்கற மாதிரி ஏதாச்சும் இருந்தாக் குடு.”

நான்கு நாளும் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்த முகத்தைக் கோகிலவாணி அப்போதுதான் நேராகப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“குடுக்கறேங்க்கா. கட்டாயம் குடுக்கறேன்.”

“சரி, போ. பஸ்ஸுப் போயிரப் போவுது.”

பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து கௌசிக்குக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

“அக்கா, அய்யா என்ன சொன்னாருங்க?”

“ரெண்டாவதப் போடச் சொல்லிட்டாரு. உன்னச் சோத்துக்குக் கூப்புட்டிருக்கறாரு.”

“அப்பாடா. அப்ப அந்த மொதல்லத அழிச்சுரட்டுங்களா? பாத்தாலே ஒரு மாதிரி இருக்குதுங்க எனக்கு.”

“அழிச்சுராத! ஏழு பாட்டையும் அப்படியே வெய்யி. ஒரு ஹெட்போனோட சென்னியம்மாக்காவுக்குக் குடுக்கோணும்.”

“அவீங்களுக்கா? அவீங்களுக்குப் புடிச்சுதுங்களா?”

“நெம்பப் புடிச்சுது.”

மறுபக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

“அக்கா, அதுல மூணாவது பாட்டுல ஒரு எடம் இன்னும் நேராகலீங்க. பக்கத்துக் கட்டையில ஒண்ணு தவறி உளுந்திருக்குது, அன்னைக்குப் பாக்காம வுட்டுட்டேன். அதையும் சரி பண்ணிக் குடுத்தரட்டுங்களா?”

கோகிலவாணி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

“பண்ணு சாமி,” என்றாள்.

நாமக்கல் பஸ் வந்தது. உட்கார இடம் இருந்தது.